பழைய படைத் துப்பாக்கியைப் பேணுதல்

படைக்கலங்களைப் பேணுதல் தமிழர்க்குப் புதிதன்று. ஔவையார் தொண்டைமானிடம் தூது சென்ற காலத்து அவனது படைக்கலக் கொட்டிலைக் கண்டு கூறியதாக உள்ள புறநானூற்றுப் பாட்டினைக் கற்றார் பலரும் அறிவர். தொண்டைமானுடைய படைக்கலங்கள் நெய் பூசப்பெற்று, அழகு செய்யப்பெற்று, காவல் மிக்க மனைக்கண் இருந்தன. அதியமானுடையனவோ போரில் நுனி சிதைந்து கொல்லனது சிறு குடிலிற் கிடந்தன. புகழ்வது போலப் பழித்தும் பழிப்பது போலப் புகழ்ந்தும் அப்பெருமாட்டியார் தம் தூதினை முடித்த திறத்தைப் புலவர்கள் வியந்து பேசுவர். போரிற் புகுங் கருவிக்குக் கொல்லனது உலையே பெருமை என்பது அப்பாட்டின் கருத்து. அங்ஙனமாயின், போர்த்தொழில் முற்றும் ஒழிந்த பழங்கருவிக்கு உரியது யாது? நெய்யா, உலையா? இக்கட்டுரை அதனையே ஆராயப் புகுகின்றது.

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்களுள் முன்னோர் படையிற் பணிபுரிந்தவை சில உள. அக்குடும்பத்தார் சிலர் பழைய துப்பாக்கியொன்றை அதிகச் செலவின்றிப் புதுக்க வழி உண்டோ என்று அவ்வப்போது வினவுகின்றனர். அவ்வினாவிற்கு விடை கூறுமுன் அக்கருவியின் வரலாற்றை அறிதல் இன்றியமையாதது. வரலாறு அறியாது புதுக்கப் புகுவோன், ஏட்டுச்சுவடியின் எழுத்தைப் படிக்காமலே அதன் அழுக்கைச் சுரண்டுவோனை ஒப்பான்.

கிண்டியும் படைக்கலமும்

கிண்டியில் வாழ்வார்க்கு இப்பொருள் அயலதன்று. துப்பாக்கி என்னும் சொல் துருக்கி மொழியிலிருந்து வந்தது என்பர் சொல்லாராய்ச்சியாளர். பீரங்கி என்னும் சொல்லும், நம் அண்டையிலுள்ள பரங்கிமலையின் பெயரும், ஐரோப்பியரைக் குறித்த ஒரே சொல்லின் வழிப் பிறந்தன என்றும் அவர்கள் கூறுவர். பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்ட காலத்து, 1759-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் அம்மலையின் அடிவாரத்தே கடும்போர் நிகழ்ந்தது. கான் சாகிபு எனப் பெயர் பெற்ற முகம்மது யூசுப் கான் அப்போரில் ஆங்கிலேயர் பக்கத்தே நின்று பொருதான். பின்னர்ச் சென்னை மாகாணப் பீரங்கிப் படையின் தலைமையிடம் அம்மலையின்கண் அமைந்தது. கிண்டிக் காடு கவர்னர்மார் வேட்டையாடும் காடாய் இருந்து, 1978-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாயிற்று. 1962-ஆம் ஆண்டில் சீனருடன் நேர்ந்த போரினை அடுத்து, படைத்தலைவர்களைப் பயிற்றும் பள்ளி 1963-இல் இங்கே நிறுவப்பெற்றது. நந்தம்பாக்கத்திலோ இரண்டாம் உலகப்போரில் மாண்ட வீரர்களின் கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. ஆகவே, துப்பாக்கியின் வரலாற்றை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

தஞ்சைக் கொட்டிலின் அழிவு

நம் நாட்டுப் பழந்துப்பாக்கிகள் இன்று அரியனவாய்ப் போனதற்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, ஆட்சியாளர் கட்டளை. 1799-ஆம் ஆண்டில் கட்டபொம்மன் கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்டான். 1801-ஆம் ஆண்டு அக்டோபரில் மருது சகோதரர் திருப்பத்தூரில் அவ்வாறே மாண்டனர். அவ்வாண்டு டிசம்பரில் வெளியான பிரகடனம், தென்பாண்டி நாட்டுப் பாளையத்தார் படைக்கலம் வைத்திருத்தலைத் தடை செய்தது. கோட்டைகள் இடிக்கப்பட்டன, ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. பின்னர் லிட்டன் பிரபு காலத்து 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், வெள்ளையரை விலக்கி, இந்தியரையே பெரிதும் கட்டுப்படுத்தியது. அச்சட்டத்தால் விளைந்த மனப்புண் ஆழமானது. 1930-ஆம் ஆண்டு காந்தியடிகள் அரசினர்முன் வைத்த 11 கோரிக்கைகளுள் தற்காப்பிற்குத் துப்பாக்கி உரிமம் வேண்டுமென்பதும் ஒன்றாயிற்று.

இரண்டாவது காரணம் இதனினும் வருந்தத்தக்கது, அது கவனக்குறைவு. தஞ்சை மராட்டிய மன்னருள் கடையவரான இரண்டாம் சிவாஜி 1855-ஆம் ஆண்டில் ஆண் வாரிசின்றி மறைய, அரசு கம்பெனியாரிடம் சென்றது. அவ்வரண்மனைப் படைக்கலக் கொட்டில் பல தலைமுறை அரசர்கள் சேர்த்த செல்வம். வாள், ஈட்டி, கட்டாரி, திரியிட்டுச் சுடும் துப்பாக்கி முதலியன அங்கே குவியல் குவியலாகக் கிடந்தன. 1863-ஆம் ஆண்டளவில் அவற்றுள் தெரிந்தெடுக்கப்பெற்ற ஒரு பகுதி சென்னை எழும்பூரிலுள்ள அரசினர் பொருட்காட்சிச் சாலைக்கு வந்து சேர்ந்தது. எஞ்சிய பெரும்பகுதி உடைக்கப்பெற்றுப் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. வால்ஹவுஸ் என்னும் ஆங்கில அதிகாரி பின்னாளில் இச்செய்தியை இரங்கி எழுதிவைத்தார்.

அன்பர்களே! அக்கொட்டில் அழிந்தது பொருள் இன்மையாலன்று. ஒரு குடம் எண்ணெயும், ஒரு கூரையும், அவற்றின் அருமை அறிந்த ஒருவனும் இருந்திருப்பின் அவை இன்றும் நிலைத்திருக்கும். சிறு செலவில் பேணுதல் இயலுமோ என்று ஐயுறுவார் இதனை நினைவிற் கொள்க. பழம்பொருள்கள் வறுமையால் அழிவது சிறுபான்மை. அறியாமையால் அழிவதே பெரும்பான்மை.

அரசே செய்த சிக்கனம்

பழைய துப்பாக்கியைக் குறைந்த செலவிற் புதுக்குதல் எளியவர்க்கே உரிய எண்ணமன்று. பேரரசுகளும் அதனைச் செய்தன. 1853-ஆம் ஆண்டு மாதிரி என்பீல்டு துப்பாக்கி, குழலின் உட்புறத்தே முறுக்குவரி வெட்டப்பெற்றது. ஆதலின் குண்டு சுழன்று நேரே பாயும். ஆயினும் மருந்தையும் குண்டையும் வாய்வழியே இட்டுக் கோலால் இடித்தல் வேண்டும். அதற்குரிய தோட்டாவின் கொழுப்பே 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குத் தீப்பொறியாயிற்று என்பதைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். அக்கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் செய்ததோ பலர் அறியாதது. இந்தியச் சிப்பாய்களுக்கென முறுக்குவரி இல்லாத, உட்புறம் வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கிகளைச் செய்வித்தனர். புறத்தோற்றத்தில் அது வெள்ளையர் துப்பாக்கியே. குறி தவறாது பாயும் ஆற்றலில் அதற்குப் பிற்பட்டது. நம்பிக்கையின்மையை இரும்பில் வார்த்துக் காட்டிய செயல் அது என்க.

பின்னர், வாய்வழி இடும் துப்பாக்கிகள் பழமைப்பட்டன. புதியன இலட்சக்கணக்கிற் செய்யப் பொருள் மிக வேண்டும். ஆதலின் 1866-ஆம் ஆண்டில் ஆங்கில அரசினர் ஜேக்கப் ஸ்னைடர் என்பார் வகுத்த முறையை மேற்கொண்டனர். பழைய என்பீல்டுக் குழலின் பின்பகுதியைச் சிறிது அறுத்து நீக்கி, அவ்விடத்தே பக்கவாட்டில் திறந்து மூடும் அறையொன்றைத் திருகி இணைத்தனர். வாய்வழி இடும் கருவி பின்வழி இடும் கருவியாயிற்று. மரமும் குழலும் பழையன. அறை மட்டும் புதியது. வெள்ளைப் படையினர் அடுத்த மாதிரிக்கு மாறிய பின்னரே இந்தியப் படைக்கு இவை வந்தன.

அடுத்து வந்ததே நம்மவர் நன்கறிந்த ‘திரீ நாட் திரீ’. குழலின் உள்விட்டம் ஓர் அங்குலத்தில் 1000-த்திற்கு 303 பங்கு ஆதலின் இப்பெயர் பெற்றது. லீ என்பீல்டு என்னும் இவ்வகை 1895-இல் தோன்றி, 1907-ஆம் ஆண்டு மூன்றாம் மாதிரியில் முழு வடிவம் பெற்றது. 10 தோட்டாக்கள் கொள்ளும் பெட்டி, ஏறக்குறைய 4 கிலோகிராம் எடை, விரைந்து இயங்கும் தாழ் ஆகியன இதன் சிறப்புகள். கல்கத்தாவை அடுத்த ஈஷாப்பூரில் நிறுவப்பெற்ற துப்பாக்கித் தொழிற்சாலை இதனைச் செய்தது. 1916-ஆம் ஆண்டு போர் நெருக்கடியில் செலவையும் காலத்தையும் சுருக்க வேண்டிச் சில உறுப்புகளை விடுத்துச் செய்தனர். அதுவே மூன்றாம் மாதிரியின் விண்மீன் குறியிட்ட வகை. இரண்டு உலகப்போர்களிலும், 1962-ஆம் ஆண்டு இமயமலைப் போரிலும் இந்திய வீரர் தோளில் இருந்தது இதுவே. அதன் பின்னரே தானே மருந்தேற்றும் துப்பாக்கி படையில் பரவிற்று. ஆயினும் காவல்துறையில் இது நெடுங்காலம் நின்றது. உத்தரப் பிரதேசக் காவல்துறையினர் 2020-ஆம் ஆண்டு குடியரசு நாள் அணிவகுப்பில்தான் இதற்கு விடை கொடுத்தனர்.

இரும்பில் எழுதிய ஏடு

இத்துப்பாக்கியை ஒரு கல்வெட்டெனவே கொள்ளலாம். தாழின் பின்னே, மரக்கட்டை இணையும் இடத்து வலப்புறத்தில், அரச முடியும் பேரரசரின் பெயரெழுத்துகளும் ஈஷாப்பூர் என்னும் பெயரும் ஆண்டும் மாதிரியும் பொறிக்கப்பெற்றிருக்கும். விடுதலைக்குப் பின் செய்தனவற்றில் முடியிருந்த இடத்தை அசோகரது சிங்கம் பெற்றது. ஓர் ஆட்சி மறைந்து மற்றோர் ஆட்சி தோன்றியதை அங்குல அளவான இரும்பிற் காணலாம். தாழிலும் உடலிலும் உள்ள எண்கள் ஒத்திருப்பின், அவ்விரண்டும் பிரியாது வாழ்ந்தன என்பது துணிபு. தொடக்க காலத்தனவற்றின் கட்டையிற் பதித்த பித்தளை வட்டில் அது சார்ந்த படைப்பிரிவின் குறியைக் கூறும். சுட இயலாதவாறு செய்து மாணவர் படைப் பயிற்சிக்கு விடப்பெற்றவற்றில் அதற்கென வேறு முத்திரை உண்டு. முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணி காணப்படின், வெடிப்பைத் தடுக்க ஈஷாப்பூர்த் தொழிலாளர் செய்த வலுவூட்டல் அது என அறிக.

கட்டையிலுள்ள கீறலும், கை பட்டுப் பட்டுக் கருமையேறிய பிடியும், பெயர் தெரியாத ஒரு வீரனின் கையெழுத்தே ஆகும். இவற்றை உப்புத்தாள் இட்டு வழவழப்பாக்கி, வார்னிஷ் பூசி மினுக்குவோர், அவ்வேட்டினை அழித்துவிட்டு அட்டையை மட்டும் வைத்துப் போற்றுகின்றனர்.

துருவின் இயல்பு

இனித் துருவினை நோக்குவாம். இரும்பும் ஈரமும் காற்றும் கூடிய இடத்துத் துரு தோன்றும். உப்பு உடன் சேரின் அது விரைந்து பெருகும். கடற்காற்று வீசும் சென்னையில் இதற்கு விளக்கம் வேண்டா. ஆயின் பழைய துப்பாக்கிக் குழலின் உள்ளே வேறோர் உப்பும் உண்டு. அக்காலத்துத் தோட்டாவின் அடியில் பொறி எழுப்பும் மருந்திற் பொட்டாசியம் குளோரேட்டு என்னும் பொருள் இருந்தது. அது வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பாய்க் குழலிற் படிந்து, காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்து, உள்ளிருந்தே அரிக்கும். எண்ணெய் இவ்வுப்பைக் கரையாது, நீரே கரைக்கும். ஆகவேதான் படைவீரர் சுட்டபின் கொதிநீரைப் புனல் வைத்துக் குழலில் ஊற்றி, உலர்த்தி, அதன் பின்னரே எண்ணெய் இட்டனர். கட்டையின் அடியிலுள்ள சிறு அறையில் ஒரு பித்தளை எண்ணெய்ப் புட்டியும் துணி கட்டி இழுக்கும் கயிறும் இருந்தன. சிப்பாயின் செலவு அவ்வளவே. அவனது துப்பாக்கி வெயிலிலும் சேற்றிலும் பல்லாண்டு நின்றது.

துருவை அறிவு முறையால் வெல்லும் முயற்சியில் நம் சென்னைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலையில் 1930-ஆம் ஆண்டில் இரசாயனப் பாதுகாப்புக் கூடம் அமைந்தது. எஸ். பரமசிவன் என்னும் இரசாயன அறிஞர் அங்கே செப்புத் திருமேனிகளைப் பற்றிய பச்சை நோயை மின்சாரத்தின் துணையால் நீக்கினார். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களையும் ஆராய்ந்தார். அவர் பயன்படுத்திய மின்முறையின் அடிப்படை இரும்பிற்கும் பொருந்தும். காரநீரில் பொருளை மூழ்குவித்து, அளவறிந்து சிறு மின்னோட்டம் செலுத்தின், துரு நெகிழ்ந்து பிரியும். விலையுயர்ந்த கருவி இதற்கு வேண்டுவதில்லை. அளவறிதலும் பொறுமையுமே வேண்டும்.

சிறு செலவில் பேணும் முறை

முறைப்படி உரிமையுள்ள, சுடுதற்கு என்றும் ஆகாத பழந்துப்பாக்கி ஒன்றைப் பேணுவோர் கொள்ளத்தக்க ஒழுங்கு இது.

முதலாவது, எதனையும் தொடுமுன் நிழற்படம் எடுத்தலும், முத்திரைகளையும் எண்களையும் ஏட்டிற் குறித்தலும் வேண்டும். குழலில் தோட்டா இல்லை என்பதை அறிந்தவர் ஒருவர் சோதித்த பின்னரே மேற்செல்க. இதற்குச் செலவு யாதுமில்லை. எனினும் இதுவே தலையாய பணி.

இரண்டாவது, இரும்பு. மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பழைய பிசுக்கினை நீக்கி, மென்துருவின்மேல் எண்ணெயிட்டுச் சில நாள் ஊற விடுதல் வேண்டும். பின்னர் மிக மெல்லிய பித்தளைக் கம்பிப் பஞ்சினால் மெல்லத் துடைக்கலாம். செந்துருவே பகை, அதன் கீழ் உறுதியாய்ப் படிந்த கருந்தோல் பகையன்று. அது இரும்பின் முதுமைக்குரிய போர்வை. அதனை உரித்தல் ஆகாது. அமிலமும், சுழலும் கம்பிச் சக்கரமும், அரமும் முத்திரைகளை விழுங்கிவிடும். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் கூடிக் கறுக்கும் இயல்பை மை காய்ச்சிய நம் முன்னோர் அறிந்திருந்தனர். பொருட்காட்சிச் சாலைகளிலும் அத்துவர்ப்புச் சத்தாகிய டானிக் அமிலத்தால் துருவை அசையாது நிறுத்தும் முறை உண்டு. ஆயின் அது கைதேர்ந்தார் செய்யற்பாலது.

மூன்றாவது, மரம். படைத் துப்பாக்கிக் கட்டைகளுக்கு வார்னிஷ் உரியதன்று. கொதிக்கவையாத ஆளிவிதை எண்ணெயே படையில் வழங்கியது. சில துளியைக் கையால் தேய்த்து, ஒரு நாள் உலரவிட்டு, மீண்டும் தேய்க்க. நசுங்கிய பள்ளத்தின்மேல் ஈரத்துணியை இட்டு இஸ்திரிப் பெட்டியால் ஆவி ஏற்றின் மரநார் தானே உப்பி எழும். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறியற்க. அவை தாமே சூடேறித் தீப்பற்றும். விரித்து உலர்த்தியே நீக்குதல் வேண்டும்.

நான்காவது, காப்பு. இரும்பின்மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு, வெறுங்கையால் தொடாமை, தோலுறைக்குள் மூடிவையாது காற்றாட வைத்தல், மழைக்காலத்தில் திங்களுக்கு ஒருமுறை நோக்குதல். இவ்வளவே. இழந்த உறுப்பு ஒன்று உண்டாயின் அதனை இழந்தவாறே விடுக. கிண்டித் தொழிற்பேட்டையின் பட்டறைகளில் எவ்வுறுப்பையும் கடைந்து தரவல்லார் உளர். ஆயின் துப்பாக்கியுறுப்புச் செய்தல் உரிமம் இன்றி எவர்க்கும் ஆகாது. வெற்றிடம் பொய்யுறுப்பினும் மேலானது.

பொருள் மிகுந்தவன் இக்குறையைப் பொறுத்தல் அரிது. அவன் புதுக்கட்டை இடுவான். குழலுக்கு நீலம் ஏற்றுவான். முடிவில் பழந்துப்பாக்கியின் பெயர் மட்டும் எஞ்சும். பொருள் சுருங்கியவனோ உள்ளதைக் காப்பதன்றி வேறு செய்ய இயலான். ஆகவே சிறு செலவு இப்பணிக்குத் தடையன்று, காவலே ஆகும்.

சட்டம் கூறுவது

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தே வந்தது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தலும், செப்பனிடுதலும் குற்றம். படைக்குரிய தோட்டா கொள்ளும் ‘திரீ நாட் திரீ’ முதலியன தடை செய்யப்பெற்ற வகையின. அவற்றிற்கு மத்திய அரசின் அனுமதி வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது.

அச்சட்டத்தின் 45-ஆம் பிரிவில் நுட்பமான விலக்கொன்று உண்டு. வழக்கிழந்த அமைப்போ, தொன்மை மதிப்போ, பழுதோ உடைய ஆயுதம், செப்பனிட்டாலும் செப்பனிடாவிடினும் சுடுதற்கு ஆகாததாயின், அதற்கு அச்சட்டம் செல்லாது. ‘செப்பனிட்டாலும்’ என்னும் சொல்லை நோக்குக. துருப்பிடித்ததனால் மட்டும் விலக்குக் கிட்டாது. செப்பனிட்டாற் சுடும் என்றால் அது ஆயுதமே. எனவே பரணிலோ நெற்குதிரின் பின்னோ முன்னோர் துப்பாக்கி ஒன்று கிடைக்கப் பெற்றவர், எண்ணெய்ப் புட்டியைத் தேடுமுன் காவல் நிலையத்தையோ உரிமம் பெற்ற வணிகரையோ அடைந்து முறைப்படி ஒப்படைத்து வழி கேட்டல் கடமை. நூறாண்டு கடந்த தொல்பொருளாயின் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதனை வெளிநாட்டிற்கு அனுப்புதலும் தடை. அஞ்சி இரவில் கிணற்றில் எறிவதும், பழைய இரும்புக் கடைக்கு விற்பதும் தஞ்சையில் நிகழ்ந்த பிழையை வீடுதோறும் செய்வதேயாம். பொருட்காட்சிச் சாலைக்குக் கொடுக்க விரும்புவதாக எழுத்து மூலம் விண்ணப்பித்தல் தக்கது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் துணியப்பட்டது இது. போரிடுங் கருவிக்குக் கொல்லன் உலை பெருமை தந்தது. போர் ஒழிந்த கருவிக்கு எண்ணெயே பெருமை தரும். அதனை மீண்டும் சுடவைத்தல் நம் நோக்கமன்று. அது கண்டதைப் பேசவைத்தலே நோக்கம். எந்த அரசு அதனைச் செய்வித்தது, யார் கையில் கொடுத்தது, யார்க்குக் கொடுக்க அஞ்சியது என்பனவெல்லாம் அவ்விரும்பில் எழுதப்பெற்றுள்ளன.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். முன்னோரின் படைப்பணிச் சான்றிதழ், பதக்கம், நிழற்படம், கடிதம், இடுப்புவார், எண்ணெய்ப் புட்டி ஆகியன உரிமமின்றியே நம் வீடுகளில் இருக்கத்தக்கன. அவற்றைத் துடைத்து, பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிய சீட்டொன்றை உடன் வைமின். முதியோர் நினைவு மங்குமுன் கேட்டு எழுதுமின். விடுமுறை நாளில் சிறுவர்களை எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலைக்கு அழைத்துச் சென்று, தஞ்சைக் கொட்டிலினின்றும் தப்பிப் பிழைத்த படைக்கலங்களைக் காட்டுமின். உருகிப் போனவை எத்துணை என்பதை அவர்கள் அறிவராயின், எஞ்சியனவற்றைப் பேணும் கை தானே வளரும்.